திருப்திகரமான காற்றின் விலை

எங்கள் வீடு வடசென்னையில், தண்டையார்பேட்டையில். சன்னல் கட்டையைக் காலையில் துடைத்தால் மாலைக்குள் அதில் விரலால் பெயர் எழுதலாம். அம்மா அந்தக் கறுத்த துணியைக் காட்டி, "இதெல்லாம் நெஞ்சுக்குள்ள போனா இழுப்பு வராம என்னடா பண்ணும்?" என்பார். அம்மாவுக்குப் பல வருடங்களாக இழுப்பு. மார்கழி, தை இரண்டு மாதமும் எங்கள் வீட்டில் இரவுத் தூக்கம் என்பது அம்மாவின் மூச்சுச் சத்தத்தைப் பொறுத்தது.

காற்று மாசு என்றால் அந்தத் துணியில் ஒட்டியிருப்பதுதான் என்று நானும் வெகுகாலம் நம்பியிருந்தேன். பிறகு படிக்கப் படிக்கத் தெரிந்தது: துணியில் தெரிகிற தூசியில் பெரும்பகுதி நெஞ்சு வரை போவதே இல்லை. மூக்கிலும் தொண்டையிலும் சிக்கி, தும்மலாகவும் சளியாகவும் வெளியே வந்துவிடும். அடி நுரையீரல் வரை இறங்குவது, நம் கண்ணில் படாத வேறொன்று. அதற்குப் பெயர் பி.எம். 2.5. தமிழில் நுண்துகள் என்கிறோம். அது என்ன, உடம்பை என்ன செய்கிறது, அதற்கு நாம் எவ்வளவு காசு கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்பதை, எனக்குப் புரிந்த வரிசையிலேயே இங்கே சொல்லிப் பார்க்கிறேன்.

பெயரில் இருக்கும் 2.5 என்பது துகளின் அளவு. விட்டம் 2.5 மைக்ரோமீட்டரோ அதற்குக் குறைவோ இருக்கும் துகள்கள் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறு போட்டால் அதில் ஒரு கூறுதான் மைக்ரோமீட்டர். நம் தலைமுடியின் கனம் ஏறத்தாழ 50 முதல் 70 மைக்ரோமீட்டர். அதாவது ஒரு முடியின் குறுக்கே இந்தத் துகள்களில் இருபதையாவது வரிசையாக அடுக்கிவிடலாம்.

மாவு சலிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். மூக்கின் மயிரும் ஈரமும் முதல் சல்லடை. மூச்சுக்குழாயின் உள்சுவரில் இருக்கும் சளியும், அதை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும் நுண்ணிய இழைகளும் இரண்டாவது சல்லடை. சாலைப் புழுதி, சிமென்ட் தூள் போன்ற பெரிய துகள்களில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றில் மாட்டிக்கொள்ளும். 2.5-க்குக் கீழே போனவை இரண்டையும் தாண்டி, நுரையீரலின் கடைசிக் கிளைகளில் திராட்சைக் கொத்துபோல் இருக்கும் காற்றுப் பைகள் வரை போய்விடும். ஆக்சிஜன் ரத்தத்தில் கலப்பது அங்கேதான். அந்தச் சுவர் ஆக்சிஜனுக்கு வழிவிடும் அளவுக்கு மெல்லியது. துகள்களிலேயே மிகச் சிறியவை அதையும் கடந்து ரத்தத்துக்குள் போகின்றன.

இதில் ஒரு விஷயம் எனக்கு நெடுநாள் விளங்கவில்லை. ஒருவர் ஒரு நாளில் சுமார் 11,000 லிட்டர், அதாவது 11 கன மீட்டர் காற்றைச் சுவாசிக்கிறார். சென்னைக் காற்றில் ஒரு கன மீட்டருக்குச் சராசரியாக 30 மைக்ரோகிராமுக்குச் சற்று மேல் நுண்துகள் இருக்கிறது. ஒரு கிராமைப் பத்து லட்சம் கூறு போட்டால் அதில் ஒரு கூறுதான் மைக்ரோகிராம். 33 என்று வைத்துப் பெருக்கினால் ஒரு நாளைக்கு 363 மைக்ரோகிராம். ஒரு வருடம் முழுக்கச் சேர்த்தாலும் 0.13 கிராம்தான். ரசத்தில் போடும் ஒரு சிட்டிகைப் பெருங்காயம்கூட இல்லை! இவ்வளவு அற்பமான எடை எப்படி ஆளைச் சாய்க்கும்?

விடை எடையில் இல்லை, எண்ணிக்கையிலும் பரப்பிலும் இருக்கிறது. 10 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள ஓர் உருண்டையை உடைத்து 2.5 மைக்ரோமீட்டர் உருண்டைகளாக்கினால் 64 உருண்டை கிடைக்கும். எடை அதேதான், ஆனால் மொத்த மேற்பரப்பு நான்கு மடங்கு. இன்னும் பத்தில் ஒன்றாகச் சிறுத்தால் ஒவ்வொன்றும் ஆயிரமாகும். முழு மிளகைவிடப் பொடித்த மிளகு சட்டென்று காரம் இறங்குவது இதனால்தான். அந்தப் பரப்பின் மேல் ஒட்டிக்கொண்டு வருபவை புகைக்கரி, கந்தக உப்புகள், நைட்ரேட்டுகள், ஈயம், நிக்கல் மாதிரியான உலோகங்கள், பாதி எரிந்த எரிபொருளின் மிச்சம். துகள் வெறும் வண்டிதான். சரக்கு வேறு.

உள்ளே போனதும் உடம்பு சும்மா இருப்பதில்லை. அந்நியப் பொருள் வந்துவிட்டது என்று காவல் செல்கள் ஓடிவந்து விழுங்கப் பார்க்கும். கரியையும் உலோகத்தையும் செரிக்க முடியாது. அழற்சி தொடங்கும். ஒரு நாள் இரண்டு நாள் என்றால் ஆறிவிடும். வருடக்கணக்கில் ஓயாமல் நடந்தால் அந்த அழற்சி நுரையீரலோடு நிற்காது. ரத்தக் குழாய்களின் உட்சுவர் தடிக்கும், ரத்தம் உறையும் தன்மை கூடும். ஆகவேதான் காற்று மாசால் இறப்பவர்களில் பெரும்பகுதியினருக்கு வருவது நாம் நினைக்கிற மாதிரி இருமல் நோய் இல்லை. மாரடைப்பும் பக்கவாதமும்தான் அதிகம். நுரையீரல் புற்றுநோயும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2013-இல் வெளிப்புறக் காற்று மாசையும் அதிலுள்ள துகள்களையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என உறுதியான பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. புகையிலை இருக்கும் அதே பட்டியல் அது.

நம் ஊரில் இது எங்கிருந்து வருகிறது

இரண்டு வழி. ஒன்று, புகையாக நேரடியாக வருவது. துறைமுகத்துக்கு வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் லாரி, டீசல் ஜெனரேட்டர், மணலியின் சுத்திகரிப்பு ஆலையும் அதைச் சுற்றிய தொழிற்சாலைகளும், கொடுங்கையூர் குப்பைமேடு பற்றிக்கொள்ளும் நாள்கள், தெருமுனையில் பெருக்கிக் குவித்துக் கொளுத்தும் சருகு. 2022 ஏப்ரல் கடைசியில் பெருங்குடி குப்பைக் கிடங்கு பற்றி எரிந்து நாள்கணக்கில் புகைந்தது நினைவிருக்கும்.

இரண்டாவது வழி நம்மில் பலருக்குத் தெரியாது. துகளாகப் புறப்படாமல் வாயுவாகப் புறப்பட்டு, வழியில் துகளாக மாறுவது. எண்ணூர், வல்லூர் பக்கம் அனல்மின் நிலையங்களில் நிலக்கரி எரியும்போது கந்தக டை ஆக்சைடு வெளியாகிறது. அது காற்றில் மிதந்துகொண்டே, மணிக்கணக்கிலோ நாள்கணக்கிலோ, சல்பேட் துகளாகிறது. நைட்ரஜன் ஆக்சைடுகளும் அப்படித்தான். புகைபோக்கியின் வாயில் கருவியை வைத்து அளந்தால் இந்தத் துகள் அகப்படாது. அது பிறப்பதே பல கிலோமீட்டர் தாண்டி. மழையோ பெருங்காற்றோ கழுவாவிட்டால் நுண்துகள் நாள்கணக்கில் மிதக்கும், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகும். ஆகவே வடசென்னைப் புகை வடசென்னைக்காரன் தலையெழுத்து என்று வேளச்சேரியில் இருப்பவர் நிம்மதியாக இருந்துவிட முடியாது. ஆனால் வடசென்னைக்கு அது மற்றவர்களுக்கு முன்னால், மற்றவர்களைவிடக் கெட்டியாக வருகிறது என்பதும் உண்மை. அந்த அநியாயத்தை நான் சொல்லாமல் போக மாட்டேன்.

போகியைத் தனியாகச் சொல்ல வேண்டும். பழைய பாயும் ஓலையும் எரிந்த காலம் போய், டயரும் பிளாஸ்டிக்கும் எரிகின்றன. எரிப்பது விடியலுக்கு முன். தை பிறக்கும் நேரத்து விடியலில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்துக் கிடக்கும். அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்று மூடிபோல உட்கார்ந்திருக்கும். சட்டியின் மேல் தட்டு வைத்து மூடியது மாதிரி. புகை மேலே ஏறாது. 2018 போகியன்று மீனம்பாக்கத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குத் திருப்பப்பட்டன.

"நம்ம ஊர்ல கடல் காத்து இருக்குடா"

காற்று மாசைப் பற்றி எப்போது பேசினாலும் அம்மா சொல்வது இது. டெல்லி மாதிரியா நாம், கடல் காற்று அடித்துக்கொண்டு போய்விடாதா என்பார். பாதி சரி. பகல் ஏறிய பிறகு கடல் காற்று வந்து நகரத்தைக் கொஞ்சம் கழுவுகிறது. டெல்லியின் கார்த்திகை மாதத்தோடு நம் ஊரை ஒப்பிடவே முடியாது. ஆனால் இரவில் காற்று நிலத்திலிருந்து கடலுக்குத் திரும்பும், அல்லது அசையாமல் நிற்கும். அந்த நேரத்தில் சேர்ந்தது விடிகாலையில் நம் தெருவிலேயே இருக்கும். அதுதான் அம்மா முன்பெல்லாம் நடைப்பயிற்சி போன நேரம்.

எண்களைப் பார்ப்போம். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் திருத்திய வழிகாட்டுதலின்படி நுண்துகளின் ஆண்டுச் சராசரி கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. ஒரு நாள் சராசரி 15. இந்தியாவின் தரம் 2009-இல் வகுத்தது: ஆண்டுக்கு 40, நாளுக்கு 60. சென்னையின் ஆண்டுச் சராசரி முப்பதை ஒட்டியது. நம் நாட்டுத் தரத்தில் பாஸ். உலகத் தரத்தில் ஆறு மடங்கு அதிகம்.

காற்றுத் தரக் குறியீடு என்று செய்தியில் சொல்வார்களே, அதைப் படிப்பதிலும் இந்தச் சிக்கல் உண்டு. 2014-இல் இந்தியா அறிவித்த குறியீட்டில் நுண்துகள் 30 மைக்ரோகிராம் வரை இருந்தால் 'நன்று', 60 வரை 'திருப்திகரம்'. குறியீட்டு எண்ணும் மைக்ரோகிராமும் ஒன்றல்ல என்பதைக் கவனிக்க வேண்டும்: 60 மைக்ரோகிராம் என்பது குறியீட்டில் 100. பல மாசுகளில் எது மோசமோ அதன் எண்தான் அன்றைய குறியீடு. செல்போனில் சில செயலிகள் அமெரிக்க அளவுகோலைக் காட்டும், அதில் கட்டங்கள் வேறு. அதே 33 மைக்ரோகிராம் காற்று இந்தியக் குறியீட்டில் 55-ஐ ஒட்டியும் அமெரிக்கக் குறியீட்டில் 95-ஐ ஒட்டியும் வரும். எது பொய் என்று குழம்பத் தேவையில்லை. காற்று ஒன்றுதான், கோல்தான் இரண்டு. நான் சொல்லும் வழி: வண்ணத்தையும் குறியீட்டையும் விட்டுவிட்டு, பி.எம். 2.5 எத்தனை மைக்ரோகிராம் என்பதைத் தேடிப் பாருங்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' செயலியில் மணலி, ஆலந்தூர், வேளச்சேரி, அரும்பாக்கம், ராயபுரம், கொடுங்கையூர், பெருங்குடி நிலையங்களின் அளவுகள் வருகின்றன.

'திருப்திகரம்' என்ற சொல்தான் என்னை உறுத்துகிறது. அது யாருடைய திருப்தி? 1993-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இந்தத் துறையையே திருப்பிப் போட்டது. ஆறு நகரங்களில் 8,000-க்கு மேற்பட்டவர்களை 14 ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கவனித்தார்கள். வயது, பீடி சிகரெட் பழக்கம், தொழில், உடல் எடை எல்லாவற்றையும் கழித்துப் பார்த்த பிறகும், காற்று மிக மோசமான நகரத்தில் இறப்பு, காற்று மிகச் சுத்தமான நகரத்தைவிட 26 சதவீதம் கூடுதலாக இருந்தது. அந்த மிக மோசமான நகரம் ஒஹையோ மாநிலத்தின் ஸ்டூபன்வில் என்ற எஃகு ஆலை ஊர். அதன் நுண்துகள் சராசரி எவ்வளவு தெரியுமா? ஏறத்தாழ 30. நம் சென்னையின் அளவு. அமெரிக்கா பதறிப்போய் 1997-இல் நுண்துகளுக்கென்று தனிச் சட்ட வரம்பு கொண்டுவரக் காரணமான எண், நம் பட்டியலில் 'நன்று', 'திருப்திகரம்' இரண்டுக்கும் நடுக்கோட்டில் நிற்கிறது.

யாருக்கு எது வந்தது என்று எப்படிச் சொல்வது

அம்மாவின் இழுப்புக்குக் காற்றுதான் காரணமா? மருத்துவர் அப்படிச் சொன்னதில்லை, சொல்லவும் முடியாது. பரம்பரை இருக்கலாம், விறகடுப்பில் சமைத்த இளமைக் காலம் இருக்கலாம். எந்தத் தனி மனிதரின் மாரடைப்பின் மேலும் 'இது இன்ன புகைபோக்கியால் வந்தது' என்று முத்திரை குத்தியிருக்காது. பிறகு இத்தனை லட்சம் பேர் காற்று மாசால் இறந்தார்கள் என்று எப்படிக் கணக்குச் சொல்கிறார்கள்?

கூட்டத்தைப் பார்ப்பார்கள். லட்சக்கணக்கானவர்களின் இறப்புப் பதிவுகளை எடுத்து, காற்று கெட்டிருந்த நாள்களில் எத்தனை பேர், நன்றாக இருந்த நாள்களில் எத்தனை பேர் என்று ஒப்பிடுவார்கள். வெயில், ஈரப்பதம், பருவம் ஆகியவற்றின் விளைவைக் கழிப்பார்கள். மிஞ்சுகிற வித்தியாசம் காற்றின் பங்கு. 2024-இல் வெளியான ஓர் ஆய்வு சென்னை உள்ளிட்ட பத்து இந்திய நகரங்களில் 2008 முதல் 2019 வரை நடந்த சுமார் 36 லட்சம் இறப்புகளை இப்படி ஆராய்ந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்புக்கு மேலே போன நுண்துகளால் ஆண்டுக்கு ஏறத்தாழ 33,000 இறப்புகள் என்று கண்டது. சென்னையின் பங்கு ஆண்டுக்குச் சுமார் 2,900. இது நாளுக்கு நாள் மாறும் அளவின் விளைவு மட்டுமே. வருடக்கணக்கில் சுவாசிப்பதன் விளைவு தனி.

அந்த ஆய்வில் என்னை அதிகம் உலுக்கியது வேறொரு செய்தி. நுண்துகள் 10 மைக்ரோகிராம் கூடினால் அன்றாட இறப்பு டெல்லியில் 0.31 சதவீதம் கூடுகிறது. காற்று ஒப்பளவில் நல்ல பெங்களூரிலோ 3.06 சதவீதம். முதல் சில மைக்ரோகிராம்கள்தான் அதிகம் வெட்டுகின்றன. அதற்கு மேல் கூடக் கூட, இறப்பு ஏறும் வேகம் தணிகிறது. டெல்லி அளவுக்கு மோசமில்லை என்று ஆறுதல்பட்டுக்கொள்ளும் ஊர்களில், கூடுகிற ஒவ்வொரு மைக்ரோகிராமும் அதிக உயிரைக் கேட்கிறது. மறுபக்கம் பார்த்தால், நம் மாதிரி ஊரில் கொஞ்சம் குறைத்தாலும் கிடைக்கும் பலன் பெரிது.

நம் ஊரிலேயே நடந்த ஆய்வுகளும் உண்டு. சென்னையிலும் டெல்லியிலும் 12,000 பேரைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2023-இல் வெளியான முடிவில், நுண்துகளின் ஆண்டுச் சராசரி 10 மைக்ரோகிராம் கூடும்போது சர்க்கரை நோய் வரும் அபாயம் சுமார் 22 சதவீதம் கூடுவதாகத் தெரிந்தது. சர்க்கரைக்குச் சோற்றையும் இனிப்பையும் மட்டுமே குற்றம் சொல்லிப் பழகிய நமக்கு இது புதிது. போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தில் பேராசிரியர் கல்பனா பாலகிருஷ்ணனின் குழு தமிழ்நாட்டில் 1,285 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்தது. கர்ப்ப காலத்தில் நுண்துகள் 10 மைக்ரோகிராம் கூடினால் பிறக்கும் குழந்தையின் எடை 4 கிராம் குறைகிறது, எடை குறைந்து பிறக்கும் வாய்ப்பு 2 சதவீதம் கூடுகிறது. 4 கிராம்தானே என்று தோன்றும். ஆனால் அது ஒரு குழந்தைக்கு நடப்பதில்லை, அந்தக் காற்றைச் சுவாசித்த அத்தனை தாய்மாரின் குழந்தைகளுக்கும் நடப்பது. இரண்டரைக் கிலோ கோட்டுக்கு மயிரிழை மேலே நின்றவர்கள் கீழே சரிந்துவிடுகிறார்கள்.

காசுக் கணக்கு

எங்கள் வீட்டில் ஒரு நோட்டு உண்டு. பால், மளிகை, கேஸ் என்று அம்மா எழுதி வரும் கணக்கு. அதில் மார்கழிப் பக்கங்களில் புதிய வரிகள் முளைக்கும்: இன்ஹேலர், நெபுலைசருக்கு மருந்து, இரவில் மருத்துவமனைக்கு ஆட்டோ, மருத்துவர் கட்டணம். இது கண்ணுக்குத் தெரியும் செலவு. நோட்டில் ஏறாதது, மறுநாள் நான் வேலைக்குப் போகாதது. போனாலும் தூக்கம் இல்லாமல் பாதி வேலை செய்தது.

தினக்கூலிக்காரருக்கு இந்த இரண்டாவது வகைதான் பெரிது. ஓர் ஆட்டோ ஓட்டுநர் நாளுக்கு 1,000 ரூபாய் கையில் பார்க்கிறார், நெஞ்சுச் சளியால் மாதம் இரண்டு நாள் வண்டி எடுக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். வருடத்தில் 24,000 ரூபாய் போயிற்று. மருந்துச் செலவு தனி. வண்டிக்கடன் தவணை அந்த இரண்டு நாளுக்காகக் காத்திருக்காது. நாளெல்லாம் புகையில் நிற்கிறவரும் அவர்தான், மருத்துவ விடுப்பு இல்லாதவரும் அவர்தான்.

மூன்றாவது வகை இன்னும் நைசாக ஒளிந்திருப்பது. நோய் என்று சொல்ல ஒன்றும் இல்லை, வேலைக்கும் வந்தாயிற்று, ஆனால் கை ஓடவில்லை. கலிபோர்னியாவில் ஒரு கட்டடத்துக்குள் பேரிக்காய் பொதியும் தொழிலாளர்களைக் கவனித்த பொருளியல் ஆய்வாளர்கள், வெளியே நுண்துகள் 10 மைக்ரோகிராம் கூடினால் உள்ளே வேலைத்திறன் சுமார் 6 சதவீதம் குறைவதைக் கண்டார்கள். நான்கு சுவருக்குள் இருந்தால் தப்பித்தோம் என்பதில்லை. சன்னல் இடுக்கு போதும் நுண்துகளுக்கு. அம்பத்தூர், கிண்டி தொழிற்பேட்டைகளின் பட்டறைகளை நினைத்துப் பார்க்கலாம்.

இவற்றையெல்லாம் நாட்டளவில் கூட்டினால்? 2019-இல் இந்தியாவில் 16.7 லட்சம் இறப்புகள், அதாவது மொத்த இறப்பில் 17.8 சதவீதம், வெளிக் காற்றும் அடுப்புப் புகையும் சேர்ந்த காற்று மாசால் நேர்ந்தவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பங்கேற்ற ஆய்வு கணக்கிட்டது. அதனால் இழந்த உற்பத்தி 3,680 கோடி டாலர், ஏறத்தாழ 2.6 லட்சம் கோடி ரூபாய். நாட்டின் மொத்த உற்பத்தியில் 1.36 சதவீதம். இன்னொரு பக்கம் உலக வங்கி 2022-இல் வெளியிட்ட கணக்கில், அதே 2019-இல் உலகம் முழுவதும் நுண்துகளால் வந்த உடல்நலச் சேதம் 8.1 லட்சம் கோடி டாலர், உலக உற்பத்தியில் 6.1 சதவீதம். ஒன்று 1.36, மற்றொன்று 6.1. இந்தியாவின் காற்று உலகச் சராசரியைவிட மோசமாயிற்றே, சதவீதம் மட்டும் எப்படிக் குறைந்தது?

உயிருக்கு விலை போடும் முறை வேறு, அதனால்தான். முதல் முறை, அவர் உயிரோடு இருந்திருந்தால் எவ்வளவு சம்பாதித்திருப்பார், எவ்வளவு உற்பத்தி செய்திருப்பார் என்று பார்க்கிறது. இரண்டாவது முறை, சாகும் அபாயத்தைக் கொஞ்சம் குறைக்க மக்கள் எவ்வளவு கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள் என்று பார்க்கிறது. ஆயிரம் பேருக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு அபாயம் குறைகிறது, அதற்கு ஒவ்வொருவரும் 5,000 ரூபாய் தரச் சம்மதிக்கிறார்கள் என்றால், மொத்தம் 50 லட்சம். அந்த ஆயிரம் பேரில் காப்பாற்றப்படுவது ஓர் உயிர். அந்த உயிரின் மதிப்பு 50 லட்சம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

முதல் முறையில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. வீட்டு வேலைக்கும் ஏதாவது மதிப்புப் போடும் கணக்குகள் இருக்கின்றன என்றாலும், வயது ஏற ஏற அந்த முறையில் மனிதரின் விலை தேய்ந்துகொண்டே போகும். வேலை ஓய்ந்து, பேரப்பிள்ளையை மடியில் வைத்துச் சோறூட்டும் அம்மா அந்தக் கணக்கில் கிட்டத்தட்ட சுழி. காற்று முதலில் தாக்குவதோ முதியவர்களையும் குழந்தைகளையும். ஆகவே 1.36 சதவீதம் என்பதை நான் குறைந்தபட்ச எண்ணாகவே வாசிக்கிறேன்.

வயதில் கணக்கிட்டும் பார்க்கலாம். வாழ்நாள் முழுக்க 10 மைக்ரோகிராம் கூடுதலாகச் சுவாசித்தால் சராசரி ஆயுளில் ஏறக்குறைய ஓர் ஆண்டு குறையும் என்பது சிகாகோ பல்கலைக்கழகம் பயன்படுத்தும் கணக்கு. சென்னையின் முப்பதிலிருந்து உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்தைக் கழித்தால் 25. அதாவது சராசரியாக இரண்டரை வருடம். ஒருவருக்கு ஒன்றும் ஆகாது, இன்னொருவருக்குப் பத்து வருடம் போகும்.

என்ன செய்ய முடியும்

வீட்டில் செய்யக்கூடியதில் முதலாவது கொசுவர்த்தி. 2003-இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு சுருள் முழுதாக எரிந்தால் வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் புகைக்குச் சமம் என்று அளந்தது. கதவைச் சாத்திக்கொண்டு குழந்தையின் கட்டிலடியில் அதை வைத்துவிட்டு, வெளிக்காற்றைக் குறை சொல்வதில் பொருள் இல்லை. எங்கள் வீட்டில் கொசுவலைக்கு மாறினோம். சாம்பிராணிக்கு அம்மா இன்னும் சம்மதிக்கவில்லை, வெள்ளிக்கிழமை மட்டும் என்று பேசி முடித்திருக்கிறோம், அப்போது சன்னல் திறந்திருக்கும். நடைப்பயிற்சியை மார்கழியில் எட்டு மணிக்குத் தள்ளினோம். போகியன்று கதவு சன்னல் சாத்தி, அம்மா வெளியே வர வேண்டியிருந்தால் என்-95 முகக்கவசம். துணிக் கவசமும் பச்சை அறுவைக் கவசமும் ஓரங்களில் இடைவெளி விடுவதால் நுண்துகளுக்குப் போதாது. இழுப்பு இருப்பவர்கள் தடுப்பு இன்ஹேலரை நன்றாக இருக்கிறதே என்று நிறுத்துவது பெரிய தவறு; மருத்துவரைக் கேட்காமல் அதை விடக் கூடாது.

ஆனால் மூச்சை அடக்கிக்கொண்டு யாரும் வாழ முடியாது. பெரிய பகுதி அரசாங்கத்தின் கையில் இருக்கிறது. நடந்தவையும் உண்டு: 2020 ஏப்ரல் முதல் வண்டிப் புகைக்கும் எரிபொருளுக்குமான பி.எஸ். 6 தரம் வந்து, டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. மெட்ரோ ஓடுகிறது. 2025 ஜூனில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் புறப்பட்டன. போகிக்கு முன்னால் மாநகராட்சி பழைய டயர், துணிகளை வாங்கிக்கொள்கிறது. சீனா 2013-க்கும் 2021-க்கும் இடையில் நுண்துகளை 40 சதவீதத்துக்கு மேல் குறைத்தது. ஆக, ஒரு தலைமுறை காத்திருக்க வேண்டிய வேலை இல்லை இது.

நடக்காததும் உண்டு. அனல்மின் நிலையப் புகையிலிருந்து கந்தகத்தைப் பிரித்தெடுக்கும் கருவி பொருத்த வேண்டும் என்று 2015 டிசம்பரில் விதி வந்தது. அதன் கெடு மீண்டும் மீண்டும் தள்ளிவைக்கப்பட்டது. கருவி விலை அதிகம், மின்கட்டணம் ஏறும் என்பது சொல்லப்படும் காரணம். அந்தச் செலவு உண்மைதான். ஆனால் அது கணக்கின் ஒரு பக்கம் மட்டுமே. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை, 1990-இல் திருத்திய தூய காற்றுச் சட்டத்தால் 2020-ஆம் ஆண்டில் ஆகும் செலவு 6,500 கோடி டாலர் என்றும், அதனால் வரும் பலன் 2 லட்சம் கோடி டாலர் என்றும் மதிப்பிட்டது. போட்ட காசைப் போல முப்பது மடங்கு. அந்தப் பலனில் பெரும்பகுதி நுண்துகள் குறைந்ததால் சாகாமல் இருந்தவர்களின் உயிர்.

நல்ல காற்றுக்கு மதிப்பு உண்டு என்பது நம் ஊருக்கு அந்நியமான செய்தியும் இல்லை. 1928-இல் மருத்துவர் சௌரி முத்து காசநோயாளிகளுக்காகத் தாம்பரத்துக்கு அருகே ஓர் ஆரோக்கிய நிலையம் தொடங்கினார். காசநோய்க்கு மாத்திரை இல்லாத காலம் அது. பட்டணத்து நெரிசலை விட்டு வந்து படுத்திருப்பதும், திறந்த வெளியும், காற்றும்தான் வைத்தியம். அந்த இடம் இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்துக்குப் பெயர் வந்தது அதனால்தான். இன்று அதன் வாசலை ஒட்டி ஜி.எஸ்.டி. சாலையில் இரவும் பகலும் லாரி ஓடுகிறது. உள்ளே, காற்று தேடி வந்தவர்களின் வரிசை காலை ஏழு மணிக்கே தொடங்கிவிடுகிறது.